மாப்பிள்ளையின் மூச்சு

அன்றும் காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் வரிசையில் நின்றோம். எங்களுடையது காகித ஆலை. ஊறிய கூழின் புளித்த வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறும். வாசலில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அட்டையைக் காட்டினால் திரையில் பெயர் வரும். பிறகு துளையில் ஊத வேண்டும். குடிக்காதவனுக்குப் பச்சை விளக்கு எரியும், தடுப்புக் கம்பி விலகும். குடித்தவனுக்குச் சிவப்பு. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. வெறும் மூச்சு.

எனக்கு முன்னால் நின்றவன் என் தங்கையின் புருஷன். கிராம்பு மென்றுகொண்டிருந்தான். அவன் கிராம்பு மென்றால் விடிய விடியக் குடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

"மச்சான், ரெண்டு தடவை மாட்டிட்டேன். இன்னிக்கும் சிவப்பு எரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. எனக்கும் சேர்த்து நீயே ஊதிடு."

"வீட்டுக்குப் போய்ப் படு மாப்பிள்ளை."

"வீட்டுக்கா? அங்க எலி இருக்கா. கடிச்சே கொன்னுடுவா."

என் தங்கையை எலி என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான். காவலாளி லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளத் திரும்பினார். அவனுடைய அட்டையைக் காட்டி நான் ஊதினேன்.

பச்சை.

பத்து மணிக்குக் கூழ் பிழியும் உருளை அவன் கையைப் பிடித்து இழுத்தது. கைக்குப் பின்னால் அவனும் போனான்.

விசாரணைத் தாளைப் பலகையில் ஒட்டினார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். 'மது அருந்தவில்லை.' ஏன்தான் படித்தோமோ என்று இருந்தது. அது என் மூச்சு. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். என் அட்டை. என் பெயர். ஊதினேன்.

சிவப்பு.

"என்னய்யா, சாமியாரும் சாய்ஞ்சுட்டாரா?" சிரித்தபடி காவலாளி என் முகத்தருகே குனிந்தார். சிரிப்பு நின்றது.

"கிராம்பு வாடை வருது," என்றார் மெதுவாக.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதினேன். சிவப்பு. திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாள் மேலாளர் புதுக் கருவி கொண்டுவந்தார். இதில் ஊதவே வேண்டாம். கண்ணாடியில் விரல் வைத்தால் போதும், வெளிச்சம் தோலுக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளும். மூச்சு வேண்டாம் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விரலை வைத்தேன்.

கண்ணாடி ஈரமாக இருந்தது. கூழ் மாதிரி.

அடியிலிருந்து ஏதோ என் விரலை மெல்ல இழுத்தது.

சிவப்பு.

சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை என்னை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். பட்டப்பகல். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"கூட யாருண்ணே வந்திருக்கா?"

"யாருமில்லம்மா."

அவள் கிட்டே வந்து கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்சம் ஊதுண்ணே."

அன்றைக்கு அவனுக்காக ஊதியது நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடிவயிற்றிலிருந்து காற்று தானாக ஏறி வந்தது. குரல் என்னுடையதில்லை.

"எலி..."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?"

என்னைக் கேட்கவில்லை.

இப்போது தினமும் என் எதிரில் வந்து உட்கார்கிறாள். நான் வாயைத் திறந்தால் அவன்தான் பேசுகிறான். அதனால்தான் இதை எழுதினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதுவரை எழுதியதைப் படித்துக் காட்டும்படி ஆலைக் காவலாளியிடம் கொடுத்தேன். தனக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தவர், நாளைக்கு வந்து படிக்கிறேன் என்று திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

வரவில்லை.

இன்று காலை வாசலில் அவருக்கும் சிவப்பு எரிந்ததாம்.