வெட்டிய ஓரங்கள்

அந்தத் திரைச்சீலையை முதன்முதலில் எந்தப் படத்தில் பார்த்தாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. பானைக்குளவியின் படத்தில் என்றுதான் தோன்றுகிறது. அதற்கு முன்பே வேறு ஏதோ ஒரு படத்தின் மூலையில் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போயிருக்கலாம். பூச்சி விஷயத்தில் அவள் நினைவு பிசகியதே இல்லை. மற்றதையெல்லாம் அவள் ஒழுங்காகப் பார்த்தாளா என்பதுதான் சந்தேகம்.

மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். ஜன்னல் வலையில் நீர்த்துளிகள் கோத்து நிற்க, அறைக்குள் பகலுமில்லாமல் மாலையுமில்லாமல் ஒரு சாம்பல் வெளிச்சம் தேங்கியிருந்தது. ஈர மண்ணின் வாசனை. மழையோடு வெளியிலிருந்து வருகிற வாசனை இல்லை அது, உள்ளேயே இருந்தது. காலையில்தான் அக்கா ஒரு கிண்ணத்தில் களிமண்ணைக் குழைத்து எடுத்துவந்து, ஸ்விட்ச் பெட்டியின் ஓட்டை, ஆணி பிடுங்கிய துளைகள், ஜன்னல் சட்டத்தின் விரிசல் என்று ஒன்று விடாமல் விரலால் மெழுகி அடைத்திருந்தாள். மேலே இருந்த காற்றுத்துளையைக்கூட விடவில்லை.

"எதுக்குக்கா இவ்வளவு? வலைதான் இருக்கே."

"வலை நூல் விட்டுப்போச்சுன்னா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரே என்னைத்தான் கேக்கும். பேசாம உக்காரு பாப்பா."

அவள் பேசாமல் உட்கார்ந்தாள். அக்கா சொன்னால் உட்காருவது பழகிவிட்டது.

ஒரு காலத்தில் அவள் வெயிலில் வலையோடு அலைந்து குளவி, தேனீ, எறும்பு கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவள். காதுக்குக் கீழே ஒரு குளவி கொட்டியது. தொண்டை அடைத்து, நாக்கு தடித்து, கண் இருட்டி, ஆஸ்பத்திரியில்தான் விழித்தாள். "அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது," என்றார் டாக்டர். அன்றிலிருந்து இந்த அறை, இந்த வலை, மேஜை இழுப்பறைக்குள் எப்போதும், கொட்டினால் உடனே போட்டுக்கொள்ள, மருந்து ஊசிப் பெட்டி. ஒரு மாதம் துணைக்கு என்று வேலைக்கு விடுப்புப் போட்டு வந்த அக்கா பிறகு வேலையையே விட்டாள். பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. அதைப் பற்றி அக்கா வாய் திறந்ததில்லை. சித்தியிடம் போனில் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "நான் எங்க சித்தி வர்றது? இங்க ஒரு ராணித்தேனீயை வச்சுச் சோறு ஊட்டிக்கிட்டிருக்கேன்." அந்தச் சிரிப்பைக் கேட்டு இவளும் சிரித்திருக்கிறாள்.

வெளியே போக முடியாதவளுக்கு வெளியே இருந்து படங்கள் வந்தன. இணையத்தில் ஒரு குழு. யார் யாரோ எங்கெங்கோ எடுத்த பூச்சிப் படங்களைப் போட்டு 'இது என்ன?' என்று கேட்பார்கள். இவள் பதில் சொல்வாள். இடுப்பு நூலாக இருக்கிறதா, சிறகை நீளவாக்கில் மடித்திருக்கிறதா, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்குகிறதா, முகத்தில் மயிர் எத்தனை அடர்த்தி. படம் வந்ததும் முதல் காரியமாக ஓரங்களை வெட்டிவிடுவாள். சுவர், இலை, விரல், நிழல் எல்லாம் போய் திரை முழுக்கப் பூச்சி மட்டும் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள்: பின்னணியைப் பார்க்காதே, பின்னணி உன்னை ஏமாற்றும், பூச்சியைப் பார். குழுவில் அவளைக் 'குளவி டாக்டர்' என்றார்கள். அவள் எந்த டாக்டர் பட்டமும் வாங்கியதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

புதுமுகம் என்ற பெயரில் ஒருவர் மழைக்காலத் தொடக்கத்தில் சேர்ந்தார். முகப்புப் படம் கிடையாது. நல்ல கேள்விகள் கேட்பவர் என்பதால் அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

'பானைக்குளவி புழுவைக் கொட்டி மண்கூட்டுக்குள் வைக்கிறதே, புழு செத்துவிடுமா?'

'சாகாது. அசைய மட்டும் முடியாது. குஞ்சு தின்று முடிக்கும்வரை உணவு கெடாமல் இருக்க வேண்டுமே,' என்று எழுதினாள்.

'கூட்டை மூடிய பிறகும் உயிரோடு இருக்குமா?'

'இருக்கும்.'

இன்னொரு நாள் ஒரு குளவியின் படம். கால்கள் ஒடுங்கி, உணர்கொம்புகள் முகத்தோடு ஒட்டி, துளி அசைவில்லாமல் துல்லியமாகப் பதிந்திருந்தது. 'செத்ததா?' என்று கேட்டிருந்தார். அவளுக்கு உற்சாகமாகிவிட்டது. 'சாகவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருக்கிறீர்கள், சரிதானே? குளிரில் மயங்கிக் கிடக்கிறது. நாங்களும் அப்படித்தான் எடுப்போம். சூடு பட்டதும் எழுந்துவிடும். மனித உடம்பின் சூடு போதும்.' கூடவே அந்தத் தந்திரத்தை முதன்முதலில் வீட்டில் செய்த நாளையும் நினைத்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து பார்த்த அக்கா போட்ட கூச்சல். "பால் பாக்கெட் பக்கத்துல எறும்பைத் தூங்க வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா!" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிறகு ஒரு மோட்டார் அறையின் கூரையில் தொங்கிய பெரிய கூடு. 'இது எது?'

'கதண்டு. குளவியிலேயே பெரிய இனம், வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டையைப் பாருங்கள். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கே மற்றவையும் வரும். என்னைப் போன்ற ஆளுக்கு ஒன்றே போதும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.'

'நன்றி டாக்டர்,' என்று வந்தது.

அந்த வாரம் அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எண்ணெய் தெறித்துவிட்டதாம். இவள்தான் மருந்து தடவிவிட்டாள்.

இன்று புதுமுகம் போட்டது பானைக்குளவியின் கூடு. மரச்சட்டத்தில் ஒட்டிய சின்ன மண்பானை, கழுத்து விளிம்போடு. வெட்டுவதற்காக ஓரத்தை இழுத்தாள். இழுத்த விரல் நின்றது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு கீற்றுத் துணி. பச்சைக் கட்டம். கட்டத்தின் நடுவே கோணலாக ஒரு தையல், சிவப்பு நூலில்.

பச்சை நூல் தீர்ந்துபோனதால் சிவப்பில் தைத்தாள். அவள்தான் தைத்தாள்.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் திரைச்சீலை தொங்கியது. சிவப்புத் தையல் தெரிந்தது. அது அறையின் உள்பக்கம் பார்த்த தையல். படம் எடுத்தவர் உள்ளே நின்று எடுத்திருக்க வேண்டும். திரைச்சீலையை விலக்கினாள். சட்டத்தில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது. அதன் மேல் புதுக் களிமண், விரல் ரேகையோடு.

வெளியே கூடத்தில் செருப்புச் சத்தம். வந்தது. அறை வாசலில் நின்றது. போகவில்லை.

அவள் பழைய படங்களைத் திறந்தாள். இந்த முறை எதையும் வெட்டவில்லை. குளவி இருந்த தரையில் அவள் அறை ஓடுகளின் விரிசல். எறும்பு ஊர்ந்த தட்டின் விளிம்பில் அவள் தட்டின் நெளிசல். எல்லாப் படத்திலும் பூச்சிக்கு அவள் வைத்த பெயர் சரியாக இருந்தது. ஒன்றில்கூடப் பிழையில்லை. மயங்கிய குளவியின் படத்துக்கு வந்தாள். காய்ந்த இலை என்று நினைத்துத்தான் அன்று ஓரத்தை வெட்டினாள். இப்போது முழுதாகத் திறந்தாள்.

இலை இல்லை. தோல்.

கழுத்து. அதற்கு மேலே ஒரு காது. காதில் கல் விழுந்த தோடு.

கை தானாகவே காதுக்குப் போனது. தோட்டில் கல் இல்லாத பள்ளம் விரலில் தட்டியது. அதற்குக் கீழே பழைய கொட்டின் தழும்பு. தழும்பின் மேல்தான் அந்தக் குளவி கிடந்தது. அவள் தூங்கிய ஏதோ ஒரு மத்தியானத்தில், அவள் கழுத்துச் சூட்டில், எழுந்துகொள்ளும் வரையில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். ஒத்திகை.

எழுந்திருக்கும் என்று சொன்னவள் அவள்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் அக்கா மடியில் தலைவைத்துத் தூங்குவது வழக்கம். தலையைக் கோதிவிடுவாள். அந்த விரல்கள் அவ்வளவு மெதுவாக இருக்கும். இன்றும்கூட அப்படித்தான் தூங்கினாள்.

"அக்கா?"

மழைச் சத்தம்.

"அக்கா, இருக்கியா?"

"என்ன பாப்பா?" குரல் கதவை ஒட்டி இருந்தது. வாய் மரத்தில் படுகிற அளவுக்குப் பக்கத்தில்.

"என் போன் எங்க?"

"சார்ஜ் போட்டிருக்கேன்."

கதவை இழுத்தாள். வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், கீழே, ஏதோ தடவுகிற சத்தம். ஈரமாக. பொறுமையாக. ஒரு முறை, இன்னொரு முறை. கதவடியில் இருந்த வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்னக்கா பண்ற? கதவைத் திற. விளையாடாத."

"விளையாடறது நீதான் பாப்பா. இத்தனை வருஷமா நீதான் விளையாடின. நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நான் என்னக்கா செஞ்சேன்?"

தடவுகிற சத்தம் மட்டும்.

"ஒண்ணும் செய்யல. அதான். நீ ஒண்ணுமே செய்யல. ஒரு நாள்கூட என் முகத்தைப் பாத்து நீ எப்படி இருக்கேன்னு கேக்கல. எறும்பு முகத்துல எத்தனை முடின்னு சொல்லுவ."

வெளிச்சக் கோடு அணைந்தது.

அவள் மேஜைக்கு ஓடினாள். இழுப்பறையைத் திறந்தாள். ஊசிப் பெட்டி இருந்தது. மூச்சு வந்தது. திறந்தாள். பெட்டி நிறையக் களிமண். மேற்புறம் விரலால் வழித்து, அழகாக, விளிம்போடு விளிம்பாக.

கணினி 'டிங்' என்றது. புதுமுகம் ஒரு படம் போட்டிருந்தார்.

'இது என்ன இனம்?'

சிறிதாகத் தெரிந்த முன்படத்தில் ஒரு டப்பா. பால் பாக்கெட் பக்கத்தில் அவள் வைத்த அதே டப்பா. மூடி இல்லை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக, கால் ஒடுங்கி, மஞ்சள் பட்டை மஞ்சள் பட்டையாக. டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கால். ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்த அட்டைத் துண்டு.

அவள் கட்டிலின் கால்.

அவள் குனியவில்லை. குனிய முடியவில்லை. குழுவில் எழுதினாள். 'இது என் கட்டில்.' அனுப்பினாள். முழுப் படத்தைத் திறக்கப் போனாள். மின்சாரம் போனது.

இருட்டு இல்லை. அந்தச் சாம்பல் வெளிச்சம் அப்படியே இருந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அது நின்றதும் அறை புழுங்கத் தொடங்கியது. மழைத்துளி அடைத்த வலையில் காற்று நுழையவில்லை. சூடு. அவள் உடம்பின் சூடு. அவள் மூச்சின் சூடு.

மூச்சை அடக்கினாள்.

ஜன்னலைக் குத்தினாள். கம்பி. கத்தினாள். மழை.

"சத்தம் போடாத பாப்பா," என்றது கதவு. "அதுங்க முழிச்சுக்கும்."

சுவரோடு ஒட்டி நின்றாள். அசையாமல். கட்டிலடியைப் பார்த்தபடி. அங்கே நிழல்தான். நிழல் மட்டும்தான்.

பிறகு ஒரு சிறகு அதிர்ந்தது. நின்றது.

மறுபடி.

இரண்டு.

பெயர் தெரியும். எல்லாம் தெரியும். ஆண் கொட்டாது. இது ஆண் இல்லை.

காரியத்துக்கு வந்த சித்தி அழுதுவிட்டுப் போனாள். மழைக்கு ஒதுங்கிய கதண்டுகள் நூல் விட்ட வலை வழியே வந்து கட்டிலடியில் அடைந்துவிட்டன என்று அக்கா சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். இத்தனை வருஷம் கண்ணாகப் பார்த்துக்கொண்டவள் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கதவடிக் களிமண்ணையும் ஊசிப் பெட்டிக் களிமண்ணையும் அக்கா முன்பே துடைத்துவிட்டிருந்தாள். ஜன்னல் வலைகளைக் கழற்றினாள். பழைய வேலை திரும்பக் கிடைத்தது. மாலைகளில் குழுவில் புதுமுகம்தான் பதில் சொல்கிறார். நன்றாகச் சொல்கிறார். இப்போது அவரைத்தான் டாக்டர் என்கிறார்கள்.

'இது என் கட்டில்' என்ற வரிக்கு அன்றே ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'டாக்டர் கட்டில்லயேவா! குடுத்து வச்ச கதண்டு!' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புகள். இன்னொருவர் அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஓரங்களை வெட்டி, பூச்சி மட்டும் தெரியும்படி போட்டு, 'கதண்டு, எல்லாம் பெண், மிகத் தெளிவான படம்' என்று எழுதினார். அது சரியான பதில்.

முழுப் படமும் அங்கேயே இருக்கிறது. இன்றுவரை யாரும் திறக்கவில்லை. திறந்தால் மேல் ஓரத்தில் கட்டிலிலிருந்து ஒரு கை தொங்குவது தெரியும். மத்தியானத் தூக்கத்தில் விரல்கள் லேசாக விரிந்திருக்கின்றன. மணிக்கட்டின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. அதன் கால்கள் ஒடுங்கியிருக்கவில்லை.