ஊதா நிறத்தில் ஒரு திருடன்

"ஐயோ... ஆண்டோ!"

வெனிலாவின் அலறலில் திண்டிவனம் பைபாஸ் ஓரத்து மாடிக் கட்டடமே அதிர்ந்தது.

படிக்கட்டின் அடியில் ஆண்டோ. தலையைச் சுற்றி ரத்தம். பக்கத்தில் இரண்டாகப் பிளந்த அவன் லேப்டாப்!

ஆம்புலன்ஸ் அவனை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனது. இன்ஸ்பெக்டர் லூசியா ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

அவளுக்கு முன்பே அங்கே நின்றிருந்தான் சித்தார்த்தன். மாடியில் இருந்த வெப்சைட் கம்பெனியின் முதலாளி. சட்டை கசங்காத சோகம்!

"காலைலேர்ந்து விழுப்புரத்துல கிளையண்ட்டோட இருந்தேன் மேடம். இந்தப் பொண்ணு போன் பண்ணுச்சி... பதறிக்கினு ஓடியாந்தேன்."

"விழுப்புரத்துலேர்ந்தா? ரொம்ப ஜல்தியா வந்துட்டீங்களே!"

சித்தார்த்தன் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஆண்டோ திருட்டுப் பய மேடம். எங்க கல்யாண வெப்சைட்லேர்ந்து பொண்ணுங்க போட்டோ, போன் நம்பர் எல்லாம் வெளிய போயிடுச்சி. கண்டவன்லாம் போன் போட்டு மிரட்டறான். மாட்டிக்கிட்டோம்னு குதிச்சிட்டான்!"

"பொய்!" சீறினாள் வெனிலா. அவளும் ஆண்டோவும்தான் அங்கே மொத்த ஊழியர்கள். "திருடனைப் புடிக்கத்தான் மேடம் அவன் இன்னிக்குக் காலைல அந்தக் கலர் லைப்ரரியப் போட்டான்."

"லைப்ரரியா? புஸ்தகமா?"

"இல்ல மேடம், ரெடிமேட் கோடு. வெப்சைட் உள்ள என்ன நடக்குதுன்னு எங்க கன்சோல் ஸ்க்ரீன்ல வரி வரியா ஓடும். ஒரே நிறத்துல ஓடுனா கண்ணே பூத்துடும். இது கலர் கலரா பிரிச்சிக் காட்டும். தப்புன்னா சிவப்பு, சரின்னா பச்சை."

சித்தார்த்தன் உதட்டைப் பிதுக்கினான்.

"எல்கேஜி பசங்க! வேலை செய்டான்னா கோலம் போட்டுக்கினு இருக்கானுங்க."

"நீ மேல சொல்லும்மா."

"யாராச்சும் மொத்த போட்டோவையும் டவுன்லோட் பண்ணா, ஆண்டோ லேப்டாப்புல மட்டும் அவங்க பேரோட தனி நிறத்துல ஒரு வரி வரும். ஊதா! நான் சாப்பிடப் போயிட்டு வந்தேன்... அதுக்குள்ள இப்படிக் கெடக்கறான். அந்த ஊதா வரியப் பாத்துட்டான் மேடம்!"

"ஊதாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" எகிறினான் சித்தார்த்தன். "உளறாத! மஞ்சள் வரிதான் வந்துச்சி!"





லூசியா சிரித்தாள். முகத்தில் காறித் துப்பியது போன்ற சிரிப்பு!

"ஆண்டோ லேப்டாப்புல மட்டும் ஓடுன வரி... விழுப்புரத்துல இருந்த உங்களுக்கு மஞ்சளாத் தெரிஞ்சிதா சார்? காமாலையா?"

சித்தார்த்தன் படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இவ... சாப்பிடப் போனப்ப வந்தேன் மேடம். என் ரூம்ல டவுன்லோட் பண்ணேன்... வெளிய வந்தா அவன் ஸ்க்ரீன்ல என் பேரு! லேப்டாப்பத் தூக்கிக்கினு ஓடுனான்... படிகிட்ட புடுங்குனேன்... தள்ளிட்டேன்..."

"நம்பிப் போட்டோ குடுத்த பொண்ணுங்கள வித்துத் தின்ன நாய்! உனக்கு முதலாளின்னு பேரு!" உறுமினாள் லூசியா.

லூசியாவின் செல்போன் ஒலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து... ஆண்டோ கண் விழித்துவிட்டான்!

வெனிலா அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஒண்ணு மட்டும் இடிக்குதும்மா. வந்தது மஞ்சள்னா, நீ ஏன் ஊதான்ன?"

"என்ன நிறம்னு ஆண்டோ என்கிட்ட சொல்லவே இல்ல மேடம்! யாராச்சும் தப்பா பேசுனா இவரால திருத்தாம இருக்க முடியாது. அதான்... ஒரு ஊதாவ அவுத்து உட்டேன்!"

சித்தார்த்தனின் விழிகள் பிதுங்கின.

லூசியா ஜீப்பின் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க சார்! ஜெயில்ல குடுக்கற சட்டை வெள்ளை. அதையாவது திருத்தாம போட்டுக்குங்க!"