மச்சுக்கு விட்ட காற்று

தச்சன் சின்னசாமி கூரை இறவாரத்தின் அடிப்பலகையில் முதல் ஓட்டையை அறுத்து முடித்து, ஏணியில் நின்றபடியே பீடியை இழுத்து ஊதியபோது, அந்தப் புகை கலையவில்லை. ஒரு கயிறாகத் திரண்டு, வளைந்து, ஓட்டைக்குள் போயிற்று. சற்று நின்றது. பிறகு வெளியே வந்து அவன் முகத்தில் படிந்தது.

"இன்னா மேஸ்திரி, உங்க வூடு பீடி குடிக்குது" என்று அவன் சிரித்தான்.

கீழே நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த தம்மபாலனும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் மனைவி ரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன புகை வெள்ளையாகப் போயிருந்தது. வந்தது சாம்பல் நிறமாக வந்தது.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் அது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்துவிட்டுப் போன வீடு. சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த பிறகு, பூமிக்கடியில் காற்றோட்டம் பார்க்கிற மேஸ்திரியான தம்மபாலனுக்குக் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த ரத்தினம் முதல் நாள் அந்த உயரமான கதவுகளைக் கையால் தடவிப் பார்த்தாள். ஆனால் தகரக் கூரைக்கும் அறைகளின் மரத்தட்டுக்கும் நடுவே, ஆள் குனிந்து நடக்கக்கூடிய ஒரு மச்சு இருந்தது. அதற்கு ஜன்னலோ துவாரமோ கிடையாது. பகலெல்லாம் அங்கே அடைந்த வெயில் பொழுது சாய்ந்ததும் கீழே இறங்கி, மக்கிய மரமும் வௌவால் எச்சமும் கலந்த வாடையோடு கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாறைத் தூசி படிந்து நெஞ்சு பாதி போனவருக்கு அந்தப் புழுக்கம் ஆகாது; காற்றுள்ள இடத்தில் வைத்தால் இன்னும் சில வருஷம் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில வருஷம். ரத்தினத்துக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வேலையைத் தம்மபாலனே சுரங்கக் கணக்கில் வகுத்தார். ஒரு ஷாஃப்டுக் குழியில் நல்ல காற்று இறங்கும், இன்னொன்றில் கெட்ட காற்று ஏறி வெளியே போகும். வீட்டுக்கும் அதுதான் சட்டம் என்றார். இறவாரம் நெடுக ஓட்டைகள் போட்டுக் கம்பிவலை அடித்தான் சின்னசாமி. கட்டிலுக்கு நேர் மேலே மரத்தட்டிலும் ஒரு சதுரம் அறுக்கச் சொன்னார், தாம் விடுகிற மூச்சு அந்த வழியே ஏறிப் போகட்டும் என்று. சின்னசாமி தயங்கினான். படுக்கிறவர் தலைக்கு மேலே இருட்டைத் திறக்கக்கூடாது என்றும், அறுத்தே ஆகவேண்டுமானால் முதலில் ஒரு எலுமிச்சம்பழம் அறுக்க விடுங்கள் என்றும் கேட்டான்.

"எலுமிச்சம்பழத்த ரசத்துல பிழி சின்னசாமி. காத்துக்கு ஏதுப்பா கண்ணு?" என்றார் தம்மபாலன். பழம் அறுக்காமலே சதுரம் அறுபட்டது.

அவர் செயலாளராக இருந்த பௌத்த சங்கக் கூட்டங்களிலும் அவர் பேச்சு அப்படித்தான். பேய், பில்லி, மந்திரம் எல்லாவற்றையும் கிழித்துப் போடுவார். எதிர்வீட்டுப் பார்வதம்மா பயந்துபோன மருமகளுக்குத் தாயத்து கட்டியபோது, ரத்தினமே அவள் வாசலில் நின்று, "கயிறு கட்டினா பயம் போவுமாக்கா?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தவள்தான்.

அதனால்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

முதலில் மச்சு மெதுவாகத்தான் மூச்சு விட்டது. மத்தியானத்தில் தகரம் வெயிலில் படபடத்து ஓய்ந்தபின், தலைக்கு மேலே நீளமாக ஓர் இழுப்பு கேட்கும். அறையின் தூசியெல்லாம் சதுரத்தை நோக்கி ஏறும். பிறகு ஈரக்கல் மணக்க ஒரு விடுதல், அவள் கழுத்து மயிரை அசைக்கும். காற்று என்று சொல்லிக்கொண்டாள். வாசலில் முருங்கை இலை ஆடவில்லை. அவர் விடும்போது அது இழுத்தது, அவர் இழுக்கும்போது அது விட்டது. சுரங்கத்தில் வேட்டு வைத்து வீடு அதிர்ந்தபோதுகூடத் தாளம் தப்பவில்லை. சில நாளில் அதற்கும் அவருடைய விசில் வந்துவிட்டது. அவர் மூச்சு குட்டையாகக் குட்டையாக, மேலே அது நீண்டது.

ஒருநாள் அவர் தூங்கும்போது பழைய புடவையைச் சுருட்டிக் கழியால் சதுரத்தில் அடைத்தாள். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அது அவர் காலடியில் கிடந்தது. நனைந்து. பல் பட்டதுபோல் ஓரம் கசங்கி. யார் கண்ணிலும் படாமல் கொல்லையில் அலசினாள், தீட்டுத் துணி அலசுகிறவள்போல.

"ஏங்க, அந்த ஓட்டய மூடிரலாமா?"

"இன்னாத்துக்கு?"

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் அவள் முகம் சுட்டது. சங்கத்துச் செயலாளர் பெண்டாட்டி.

"பல்லி வுழுது" என்றாள்.

எழுந்து போக முடியாததால், சங்கத்தின் பௌர்ணமிக் கூட்டத்தைத் தம் வீட்டிலேயே வைக்கவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்து புத்த சரணம் சொல்லத் தொடங்கினார்கள். பார்வதம்மா அழைக்காமலே வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். ரத்தினம் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள்.

கட்டிலில் அவர் வாய் திறந்திருந்தது. மேலே சதுரம். கறுப்பாக. அவர் விட்டார், ஒரு சிறு மூச்சு. மேலே அது இழுத்தது. இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. போர்வை நெஞ்சோடு ஒட்டி இறங்கியது. கன்னம் குழிந்தது. நரைமயிர் ஒவ்வொன்றாக மேல்நோக்கி எழுந்து நின்றது.

கத்த வாய் திறந்தாள். கூடத்தில் அத்தனை பேர். என்னவென்று சொல்வாள்? மச்சு என் புருஷன் மூச்சைக் குடிக்குது என்றா? பார்வதம்மா கேட்கவா?

வாயை மூடிக்கொண்டாள். ஒரு கணம்தான்.

போர்வை எழவில்லை.

நெஞ்சில் கை வைத்தாள். காதை வைத்தாள். உதட்டருகே விரல். ஒன்றுமில்லை.

மேலே மூச்சு விட்டது. ஆழமாக. தடையில்லாமல். கல்யாணமான புதிதில் அவர் தூங்குவாரே, அப்படி.

பார்வதம்மா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். அறை மங்கல். கட்டில் பக்கம் பார்க்காமல் காதை மட்டும் சாய்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லா மூச்சு வுடறாரே. காத்துக்கு வழி பண்ணது வீண் போவல, ரத்தினம்."

ரத்தினம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மேலே மூச்சு நின்றது. பேசப்போகிறவர் நிறுத்துவதுபோல.

"ரத்தினம். தண்ணி."

அவர் குரல்தான். விசில் இல்லாத குரல்.

"கேக்கறாரு பாரு, குடு" என்று பார்வதம்மா கதவோரத்துச் சொம்பை அவள் கையில் திணித்துவிட்டு, டீ பொங்குகிறதென்று ஓடினாள். கூடத்திலும் கேட்டிருக்கும். எல்லோருக்கும் கேட்டிருக்கும். கொடுக்காமல் நின்றால் என்ன நினைப்பார்கள்?

முக்காலியைக் கட்டிலருகே இழுத்தாள். ஏறினாள். கீழே அவர் திறந்த வாயோடு கிடந்தார். அண்ணாந்து பார்க்காமல், இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கிச் சதுரத்துக்குள் நீட்டினாள்.

எதுவோ விளிம்பைக் கவ்வியது.

சொம்பு, கையில், மெல்ல மெல்ல லேசாகிக்கொண்டு வந்தது.