புறங்கை

கரண்டு போனதும் தெரு முழுக்க இருண்டது. கிளாடிஸ் வீட்டு முன்னறை பல்பு மட்டும் முழுதாக அணையவில்லை. உள்ளே இருக்கும் சுருள் கம்பி, ஊதி அணைத்த திரியைப் போலச் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

அவள் சுவிட்சை அணைத்தாள். கம்பி சிவந்தபடியே இருந்தது. வாசற்கதவுக்கு உட்புறம் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். அப்போதும் இருந்தது. பின்கட்டில் கிடக்கும் ஜெனரேட்டரைத் தொட்டே நான்கு மாதமாகிறது. பிறகு எங்கிருந்து வருகிறது இந்தக் கரண்டு?

பெரியதாழையில் கடலை ஒட்டிய தெருவின் கடைசி வீடு அது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஆலந்தலைக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் தெருவில் ஈ காக்கை இல்லை. அவளையும் கூப்பிட்டார்கள். நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூசி, தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டாள். நான்கு மாதமாக அவளுக்கு இந்தத் தலைவலிதான். தனக்குத்தானே பேசிக்கொள்ளக்கூட அலுத்துவிட்டது.

ஜெனரேட்டர், அவள் புருஷன் இனிகோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மின்வெட்டு நாளில் ஊரே இருட்டில் கிடக்க, தன் வீடு மட்டும் ஜொலிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. கப்பலில் என்ஜின் பார்ப்பவன். அடுத்தவர் சொன்னால் கேட்கமாட்டான். வயர் இழுத்துக் கொடுத்த லைன்மேன் இசக்கியப்பன் படித்துப் படித்துச் சொன்னார்.

"மொதல்ல மெயினை இறக்கணும், பொறவுதான் இதை ஓட்டணும். மறந்தீங்கன்னா உங்க வீட்டுக் கரண்டு வெளிய வந்து, போஸ்ட்டுல நிக்குத என்னையத் தேடிப் பிடிச்சிரும்."

எதையும் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிடிப்பது அவர் பழக்கம். கிளாடிஸ் நீட்டிய காப்பித் தம்ளரைக்கூட அப்படித்தான் தொட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்கம்மா. உள்ளங்கையில பட்டா வெரலு தானா மூடிக்கிடும். பொறவு பிடி விடாது," என்றார் இசக்கியப்பன்.

ஐப்பசி மழையில் தெருக்கோடிக் கம்பி அறுந்த அன்று, வீட்டில் இனிகோவின் கூட்டாளிகள் இருந்தார்கள். அவன் ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கப் போகையில் டார்ச் பிடித்து நின்றவள் கிளாடிஸ்தான்.

"மெயினை இறக்கலையே," என்றாள்.

"ஏளா, இந்த மழையில எவன் போஸ்ட்டுல ஏறப் போறான்? வெளிச்சத்தை நேராப் பிடி."

இசக்கியப்பன் ஏறியிருந்தார். புறங்கையால் தொட்டுப் பார்த்திருப்பார். கம்பி செத்துக் கிடந்திருக்கும். நம்பிப் பிடித்திருப்பார். அப்போதுதான் இந்த வீட்டில் வெளிச்சம் வந்தது.

அவர் செத்தது அவருடைய கவனக்குறைவால் என்று ஊர் பேசி முடித்தது. இனிகோ காதும் காதும் வைத்தாற்போல் கப்பலேறிவிட்டான். உண்மை தெரிந்தவள் இவள் ஒருத்தி, இந்த வீட்டில் தனியாக.

மெழுகுவத்தி தேடி எழுந்தபோது வாடை வந்தது. நனைந்த காக்கித் துணியின் வாடை, அதற்கடியில் மயிர் பொசுங்கும் வாடை. வெளியே மழை இல்லை. உப்புக்காற்று பனையோலைகளை உரசிக்கொண்டிருந்தது, அலை மணலில் விழுந்து விழுந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது, அந்த இரண்டுக்கும் நடுவே வாசற்கதவில் இன்னொரு சத்தம் மெதுவாக இழைந்தது. யாராவது வந்திருந்தால் தேவலை என்று ஒரு கணம் ஏங்கினாள். ஆனால் அது தட்டுகிற சத்தமில்லை. தோல் மரத்தில் பட்டு எடுக்கிற சத்தம்.



கதவு. பிறகு ஜன்னல் கம்பிகள், ஒவ்வொன்றாக. ஒன்றைத் தொடும். நிற்கும். அடுத்ததைத் தொடும்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சத்தம் உள்ளேயிருந்து வந்தது. மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியில் ஏதோ பட்டது.

"இறக்கிட்டேன் அண்ணாச்சி," என்றாள். "மெயினை இறக்கிட்டேன்."

பல்பின் சிவப்பு அணைந்தது.

இருட்டு. அலைச்சத்தமும் இல்லை. நாற்காலியின் முதுகை எதுவோ தொட்டது. மேசையை. மேசைமேல் இருந்த தம்ளரை.

பிறகு அவள் கன்னத்தை.

ஈரமான புறங்கை. குளிர்ந்த விரல்முட்டிகள். பிடிக்கலாமா என்று பார்ப்பதுபோல, அப்படியே பொறுமையாக நின்றது. பிறகு தோள் வழியாக இறங்கி மணிக்கட்டுக்கு வந்தது. மெல்லத் திரும்பியது.

உள்ளங்கை. அதன் நடுவில் கம்பியின் தடம், ஆழமாக. விரல்கள் மூடிக்கொண்டன.

பின்கட்டில் யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார்கள்.

வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. அவள் எதிரில் யாருமில்லை. மணிக்கட்டைப் பிடித்த பிடி மட்டும் விடவில்லை.