ஏழாவது தோட்டா வரைக்கும்

ஹார்லன் சமையலறைத் தரையில் கிடந்தான். வலது பொட்டில் ஒரு துளை. மேஜையில் அவன் பாதி குடித்த காபி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது!

ராய்ஸ் டெண்டன் இன்னொரு முறை விசையை அழுத்தினான். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதே...

வெடிக்கவில்லை.

பிடிக்குள் செருகிய தோட்டாக்கூடான மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறாமல், பாதி வழியில் மூக்கைக் குத்திக்கொண்டு கோணலாகச் சிக்கியிருந்தது.

ராய்ஸுக்கு வியர்த்துக் கொட்டியது. செத்தவனைப் பற்றிக் கவலை இல்லை. வரப்போகிறவளைப் பற்றித்தான்!

ஜூனெல். ஹார்லனின் மனைவி. அக்கா வீட்டுக்குப் போனவள், இரண்டு மணி பஸ்ஸில் திரும்புகிறாள். ஹார்லனோடு சேர்ந்து நடத்திய மர ஆலைக்குத் தீ வைத்தது கூட்டாளி ராய்ஸ்தான் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் தரையில். இன்னொருத்தி பஸ்ஸில்.

திட்டம் இதுதான். பெண்டாட்டியைச் சுட்டான்... தன்னையும் சுட்டுக்கொண்டான். ஊர் அப்படித்தான் பேச வேண்டும். அதற்கு இரண்டு சாவுக்கும் ஹார்லனின் இதே பிஸ்டல்தான் வேண்டும். முதல் குண்டு தவறி, இரண்டாவது இப்படிச் சிக்கினால்? ஜூனெல் ஓடிவிடுவாள். அப்புறம் டென்னஸி மாநிலம் ராய்ஸை நிம்மதியாகத் தூங்க விடாது.

சிக்கிய தோட்டாவைப் பிடுங்கினான். தன்னை யாருக்கும் தெரியாத பக்கத்து மாவட்டத்துக்கு டிரக்கை விரட்டினான். நாற்பது மைல்!

துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று.

கவுன்ட்டருக்குப் பின்னால் மாவிஸ் கிரப். எழுபது வயது. இடுப்பில் பிஸ்டல். இந்தப் பக்கம் ஸ்டூலில் இரண்டு கிழவர்கள், கையில் காபி. வெர்ஜில், ஒரு காலத்தில் முடி திருத்தியவர். கோல்மன், பள்ளி பஸ் ஓட்டியவர். அவர்கள் இடுப்பிலும் பிஸ்டல்தான்.

ராய்ஸ் பிஸ்டலைக் கவுன்ட்டரில் வைத்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒதுங்கினார்கள்.

"தம்பி, மேகஸினைக் கழட்டு. மேல்மூடி ஸ்லைடைப் பின்னால இழுத்துத் திற. குழாய் சுவரைப் பாக்கணும்," என்றாள் மாவிஸ். "இங்க சின்னப் புள்ளைக்குக்கூட இது தெரியும்."

ராய்ஸ் தடுமாறினான். வெர்ஜில்தான் செய்து கொடுத்தார். இதற்கு நல்ல மேகஸின் வேண்டும், சிக்கவே கூடாது, அவசரம் என்று ராய்ஸ் படபடத்தான்.

மாவிஸ் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அலுமினிய பாடி. தூக்கிட்டு நடக்க லேசா இருக்கும், ஆனா மிருதுவான உலோகம். உன் மேகஸின்ல தோட்டாவை மேல தள்ளுற தட்டு இரும்பு. தோட்டா ஏறுற சரிவை அது குத்திக் குத்திப் பள்ளமாக்கிடுச்சு. ஸ்ப்ரிங்கும் செத்துப்போச்சு. பிளாஸ்டிக் தட்டு வெச்சதா வாங்கு. அது சரிவைக் கடிக்காது."

"அதையே குடுங்க."

அவ்வளவுதான் என்று ராய்ஸ் நினைத்தான். பாவம்! துப்பாக்கிக் கடையில் மேகஸின் பேச்சை ஆரம்பிப்பது சுலபம். முடிப்பதுதான் கஷ்டம்...

வெர்ஜில் பிளாஸ்டிக்கை நம்பவே கூடாது என்றார். கோல்மன் தன் பிளாஸ்டிக் தட்டு பதினோரு வருஷமாக உழைக்கிறது என்றார். எட்டுத் தோட்டா பிடிப்பதை வாங்கச் சொன்னார் ஒருவர். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டைத் திணித்தால் ஸ்ப்ரிங்குக்கு மூச்சு முட்டும் என்று மாவிஸ் அதட்டினாள். ராய்ஸ் ஸ்டூலிலிருந்து இரண்டு தடவை எழுந்தான். இரண்டு தடவையும் கோல்மன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

மணி பதினொன்று இருபத்தைந்து!

மாவிஸ் பழைய மேகஸினைத் திருப்பினாள். அடியில் வெள்ளை பெயின்ட்டில் '2' என்று இருந்தது.

"துப்பாக்கி உன்னோடதா?"

"மூணு வருஷமா."

"ரெண்டு இங்க இருக்கு. ஒண்ணு எங்க?"

ராய்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒண்ணா? எ... என்ன ஒண்ணு?"

வெர்ஜில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். எந்த மேகஸின் மக்கர் பண்ணுகிறது என்று தெரியத்தான் நம்பர் போடுவது. தினமும் பிஸ்டல் சுமக்கிறவன் தன் பிள்ளைகளின் பெயரை மறந்தாலும் மறப்பான், இதை மறக்க மாட்டான். மாவிஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. பிஸ்டலில் பொறித்திருந்த எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டு, மேகஸின் எடுத்து வருவதாகப் பின்கட்டுக்குப் போனாள்.

போனவள் போனவள்தான்! ஆறு நிமிஷம்... எட்டு... ராய்ஸின் சட்டை முதுகோடு ஒட்டியது. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் கோல்மனின் தொப்பை இருந்தது.

ஒருவழியாக வந்தாள். ஏழு தோட்டா மேகஸின் இரண்டு கொடுத்தாள், தோட்டாவும் ஒரு பெட்டி கொடுத்தாள். கடைக்குள் தோட்டா நிரப்பக் கூடாது என்றாள். ராய்ஸ் டிரக்குக்கு ஓடினான். பின்னால் கடையின் டெலிபோன் அடித்தது.

ஸீட்டில் உட்கார்ந்து ஒரு மேகஸினில் ஏழையும் அழுத்தினான். பிஸ்டலில் செருகினான். க்ளிக்! சாவியைத் திருப்பினான். அப்பாடா... இனி ஜூனெல்தான் பாக்கி.

ஜன்னலைத் தட்டினாள் மாவிஸ்.

"சுட்டுப் பாக்காமலே போறியா தம்பி?"

"நேரம் இல்லம்மா."

"உன் இஷ்டம். புது மேகஸின், பள்ளம் விழுந்த அலுமினியம். ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். தேவைப்படுற நேரத்துல ரெண்டாவது தோட்டா சிக்குச்சுன்னா என்னைத் திட்டாத."

ராய்ஸின் கால் தயங்கியது. சமையலறையில் கோணலாக நின்ற தோட்டா கண்ணுக்குள் வந்தது. ஜூனெல் வாசலைத் தாண்டி ஓடுவதும் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம். கொல்லையில மண்மேடு இருக்கு."

இறங்கினான்! யாரும் இழுக்கவில்லை. தானாகவே இறங்கி அவள் பின்னால் நடந்தான்.

பட். பட். பட்... வெண்ணெய் மாதிரி ஏறியது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ராய்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போதும் என்று கையைத் தாழ்த்தினான்.

"ஏழாவதையும் சுடு," என்றாள் மாவிஸ், தூணுக்குப் பின்னாலிருந்து. "கடைசித் தோட்டாவுலதான் ஸ்ப்ரிங் பல்லிளிக்கும்."

சுட்டான். பட்!

ஸ்லைடு பின்னால் போய்த் திறந்தபடி நின்றது.

"சூப்பர்மா..." சிரித்துக்கொண்டே திரும்பினான்.

மூன்று பிஸ்டல்கள் அவனைப் பார்த்தன.

"கீழ போடு," என்றாள் மாவிஸ். "ஹார்லனுக்கு அதை வித்தவளே நான்தான். அலுமினிய பாடி விக்கிற கடை இந்தச் சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதான். என் பதிவுப் புத்தகத்துல அந்த நம்பருக்கு நேரா அவன் பேர்தான் இருக்கு. அவன் வீட்டுக்கு போன் போட்டேன், யாரும் எடுக்கல. அவன் ஊர் போலீஸ் ஷெரிஃபைப் போய்ப் பாக்கச் சொன்னேன். அவர்தான் இப்ப திரும்பக் கூப்பிட்டார். சமையல்கட்டுல என்ன கிடக்குன்னு சொன்னார்."

"நான்... நான் வந்து..."

"ஜூனெலோட அக்காகிட்ட விசாரிச்சு, பஸ் ஸ்டாண்டுக்கு ஷெரிஃபோட ஆள் போயாச்சு. உன்னை மட்டும் நிரம்பின துப்பாக்கியோட ரோட்டுல விட எனக்கு மனசு வரலை. அதான் ஏழையும் உன் கையாலயே தீர்க்க வெச்சேன்."

ராய்ஸ் கையிலிருந்த துப்பாக்கியையும் அதில் செருகியிருந்த காலி மேகஸினையும் வெறித்தான். இரண்டாவது மேகஸின் டிரக் ஸீட்டில் காலியாகக் கிடந்தது. மண்மேட்டுக்கு அப்பால் முள்கம்பி வேலி. எந்தப் பக்கமும் வழி இல்லை!

கோல்மன் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேகஸினை ஏன்டா முறைக்கிற?" என்றார். "அது ஒரு தடவைகூட மக்கர் பண்ணலையே!"