கொசுவலைக்குள் வந்த திருடன்

காலை ஆறரை மணிக்கு குலாம் முகம்மது பாய் போட்ட சத்தத்தில் கடலூர் முதுநகரில் அந்தத் தெருவே கூடிவிட்டது. பினாங்கிலிருந்து அவர் வாங்கி வந்த கைக்கடிகாரத்தைக் காணோம். இருட்டில் முள் பச்சையாக மின்னும் கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை மகள் மெகருன்னிசாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கையில் கட்டுவதற்கென்றே வைத்திருந்தது.

ஏழரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் உத்திராபதி வந்தார். வாசற்படி தாண்டுவதற்குள் முழங்கையில் ஒரு அடி, கழுத்தில் ஒரு அடி. உப்பனாற்றங்கரைக் கொசுவுக்குப் போலீஸ் பயம் கிடையாது.

"எங்க வச்சிருந்தீங்க, பாய்?"

"தலவாணிக்கு அடியில சார். கொசுவலக்குள்ளதான் படுத்திருந்தேன். திருடன் வலயத் தூக்கி எடுத்துட்டுப் போயிட்டான். முழிச்சுப் பாத்தா வல தொறந்து கெடக்குது."

"எப்ப முழிச்சீங்க?"

"விடிஞ்சப்புறம்தான். ராவெல்லாம் தொறந்தே கெடந்திருக்கு சார்."

வாசல் கதவும் கொல்லைக் கதவும் உள்தாழ் போட்டபடியே இருந்தன. உள்ளறையில் படுத்தவர்கள் பாயின் மனைவி சைதுன் பீவியும் மகளும். பாயின் கட்டில் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில். கூடத்தில் படுத்தவர் லியாக்கத் அலி. மாப்பிள்ளையின் அண்ணன், கல்யாணச் சாப்பாடு பற்றிப் பேச சிதம்பரத்திலிருந்து வந்தவர். சைதுன் பீவியின் பார்வை கூடத்துப் பக்கம் போய்விட்டது. அது போதுமே!

லியாக்கத் அலி தன் பெட்டியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கவிழ்த்தார்.

"நல்லா பாத்துக்குங்க மாமி. பாத்தப்புறம் நான் பஸ்ஸப் புடிக்கிறேன். இந்த சம்பந்தம் வேணாம்னு தம்பிகிட்ட நானே சொல்லிடறேன்."

பாயின் முகம் வெளுத்தது. "மருமவனே, நான் ஒங்களச் சொல்லவே இல்லியே!"

உத்திராபதி லியாக்கத் அலியின் முகத்தை உற்றுப் பார்த்தார். முகமெல்லாம் தடிப்பு.

"ராத்திரி தூங்கலியா?"

"எங்க சார் தூங்கறது? நொச்சித் தழயப் போட்டுப் பொக மூட்டினாங்க. பொக அடங்கினதும் பட்டாளமா வந்துடுச்சு. விடிய விடிய கையத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

உத்திராபதி திரும்பி, மேல்சட்டை இல்லாமல் நின்ற பாயை ஒரு சுற்று சுற்றி வந்தார். உடம்பு சுத்தமாக இருந்தது. இடது காதில் மட்டும் ஒரே ஒரு தடிப்பு.

அழுத கண்ணோடு டீ கொண்டுவந்த மெகருன்னிசா அப்பாவைப் பார்த்துவிட்டு, அறைக் கட்டிலின் மேல்பக்கம் அண்ணாந்தாள். "தெனமும் நான்தான் வலயச் சுருட்டிக் கட்டுவேன். இன்னிக்கு அதிசயமா அத்தாவே கட்டிட்டாங்க!"

உத்திராபதியும் அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். கட்டிலுக்கு மேலே வலை மூட்டையாகத் தொங்கியது. வலைக் கம்பில் ஒரு கொசு நசுங்கி ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே புதுக் கீறல். அவர் சிரித்துவிட்டார்.

"திருடன் ஆப்புட்டான்."

எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

"ராவெல்லாம் வல தொறந்து கெடந்திருந்தா பாய் ஒடம்பும் இவரு மூஞ்சி மாதிரி ஆயிருக்கணும். ஒரே ஒரு கடிதான் இருக்கு. பாய் உள்ள நொழயறப்ப கூடவே நொழஞ்ச கொசு அது. அப்புறம் வலய யாரும் தொறக்கவே இல்ல. அப்ப எடுத்தது யாரு? வலக்குள்ள இருந்தவருதான்!"

கட்டில் மேல் ஏறி வலையின் முடிச்சை அவிழ்த்தார். கடிகாரம் மெத்தையில் விழுந்தது. கண்ணாடி சில்லு சில்லாக நொறுங்கி, முள் நின்றுபோயிருந்தது.

பாய் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"இருட்டுல முள்ளு மின்னுறதப் பாக்கணும்னு ஒரு ஆச சார். இவளுக்குத் தெரியாம கையில கட்டிக்கிட்டேன். காதக் கடிச்ச கொசு கம்புல உக்காந்துச்சு. ஓங்கி ஒரு அடி அடிச்சேன். கொசுவும் போச்சு, கடியாரமும் போச்சு. மாப்பிள்ள சாமான், தொடாதீங்கன்னு இவ நூறு தரம் சொல்லியிருந்தா. அதான் திருடன் மேல பழியப் போட்டேன்." லியாக்கத் அலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அது ஒங்க தலயில வந்து விடியும்னு சத்தியமா நெனைக்கல. மன்னிச்சுடுங்க மருமவனே."

"நானும் தப்பாப் பாத்துட்டேன் தம்பி," என்றார் சைதுன் பீவி.

லியாக்கத் அலி கடிகாரத்தைப் பார்த்தார். பாயின் வீங்கிய காதைப் பார்த்தார். கோபத்தைப் பிடித்து வைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடியாரம் கெடக்குது மாமா. மணிய யாரயாவது கேட்டுக்கலாம். சிதம்பரத்துலயும் கொசு ஜாஸ்திதான். அந்த வலயப் பொண்ணோட அனுப்பிடுங்க!"

கதவுக்குப் பின்னால் மெகருன்னிசாவின் வளையல் குலுங்கியது. பாய் பதறிப்போய் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு?"

"நொச்சித் தழ இருக்குல்ல," என்றார் சைதுன் பீவி.