பகுதாதுக்கு எந்த மாதம்?

மழைக்கு ஒதுங்கப் போய் மனசைப் பறிகொடுப்போம் என்று ஹமீதுன்னிசா கனவிலும் நினைக்கவில்லை.

1935, சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே கொட்டிய திடீர் மழை. மயிலாப்பூர் கச்சேரி ரோடில் அத்தா பீர் முஹம்மது அவளை இழுத்துக்கொண்டு ஏறிய இடம் கப்பல் டிக்கெட் கடை! அத்தாவுக்கு வாயெல்லாம் பல். போன வருஷம் மார்வலியில் கிடந்தபோது, பிழைத்தால் பகுதாது தர்காவைத் தரிசிக்க ஜியாரத் வருவதாக நேர்ந்துகொண்டவர்.

“ரபியுல் ஆகிர் மாசக் கந்தூரிக்குப் போடு தம்பி. அத்த முடிச்சாத்தான் என் மவ கல்யாணப் பேச்சே!”

மேஜைக்குப் பின்னால் இருந்த வலியுல்லா நிமிர்ந்தான். மூன்று வருஷம் பகுதாது பக்கம் பஸ்ராவில் வேலை பார்த்துத் திரும்பியவன். துப்பட்டிக்குள் தெரிந்த இரண்டு கண்களில் அவன் பார்வை தடுக்கி நின்றது... மழைத்துளி ஒட்டிய இமைகள். அவள் சட்டென்று தலையைக் குனிந்தாள்.

“அப்போ போகாதீங்க சாச்சா. அங்க வெயில் கொன்னுடும். பெருநாள் கழிச்சு, தை மாசம் போங்க.”

“இன்னா தம்பி! என் மச்சான் இதே ரபியுல் ஆகிர்ல போய் கம்பளி போத்திக்கினு படுத்தாரு!”

“எந்த வருஷம்?”

“யுத்தத்துக்கு முந்தி.”

“இருபத்தோரு வருஷமாச்சே! நம்ம பிறை மாசம் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால வந்துடுதே... இப்போ அது ஜூலையில வருது.”

“பிறைக் கணக்க எனக்கே கத்துக்குடுக்கிறியா?” அத்தா கொட்டும் மழையிலேயே இறங்கி நடந்தார். பின்னால் ஓடிய ஹமீதா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ‘திமிரு... ஆனா பொய் சொல்ற கண்ணு இல்ல.’ அத்தாவின் நெஞ்சு அந்த வெயிலைத் தாங்குமா?

மறுநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அத்தா, ஏழு வயசுல மொத நோன்பு வெச்சேனே... தண்ணிக்கு அழுதேனே?”

“பின்ன? கத்திரி வெயிலாச்சே அது!”

“போன வருஷ நோன்பு?”

“நல்ல மார்கழிக் குளு...” அத்தாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலமே அவளோடு கடைக்கு வந்து, வலியுல்லாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “தை மாசத்துக்கே போடு. அந்த தர்கா வாசல் எல்லா மாசமும் தொறந்துதானே கீது.” ஜட்கா கூப்பிடத் தெருவுக்கு இறங்கினார்.

வலியுல்லா சீட்டை எழுதாமல் பேனாவை உருட்டினான்.

“இன்னா, எழுதலியா?”

“நான் ஒரு மடையனுங்க... ஜூலைக்கே டிக்கெட் போட்டிருந்தா, அவரு திரும்பின கையோட வந்து பொண்ணு கேட்டிருப்பேன். இப்போ பங்குனி வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்.”

அவளைக் குறும்பு விடவில்லை. “அப்போ வாய மூடிக்கினு டிக்கெட் குடுத்திருக்கலாமே?”

“உங்க அத்தா திரும்பி வரணுமே...”

ஹமீதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. எந்தப் பெண்ணும் சொல்லத் துணியாததைத் துணிந்து சொன்னாள்.

“எத்தினி பங்குனி ஆனாலும் நான் காத்திருப்பேன்.”